லைனிங் பைக்குள் சரியாக உட்காரவில்லை, எங்கே தவறு?

#1 · நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவுத் தாள்) பார்த்து நான் தைக்கும் மூன்றாவது பை இது. முதல் இரண்டும் லைனிங் இல்லாத சாதாரணப் பைகள், சிக்கல் எதுவும் வரவில்லை. இந்த முறை வெளியே கேன்வாஸ், உள்ளே பருத்தி லைனிங், அடி தட்டையாக நிற்கிற மாதிரி ஒரு பேட்டர்ன் எடுத்தேன்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். முன்துண்டு, பின்துண்டு இரண்டும் 36 செ.மீ அகலம், 34 செ.மீ உயரம். லைனிங்குக்கும் அதே அளவு. தையலுக்கு 1 செ.மீ. அடிமூலைகளில் 5 செ.மீ சதுரம் வெட்டி எடுக்க வேண்டும். தைத்து முடித்தால் அடி 10 செ.மீ அகலம் வரும் என்று பேட்டர்னில் இருக்கிறது.

வெளிப்பை அழகாக வந்தது. லைனிங்கோடு சேர்த்து வாயைத் தைத்து, லைனிங் அடியில் விட்டிருந்த திறப்பு வழியாகப் புரட்டி எடுத்தேன். வாய்ச் சுற்றளவு அச்சாகப் பொருந்தியது. ஆனால் லைனிங் அடிவரை இறங்கவே இல்லை. உள்ளே கையை விட்டு அழுத்தினால் வாய் ஓரம் உள்பக்கமாக இழுத்துக்கொள்கிறது. மூலைகளிலும் வெளிப்பையின் மூலையில் போய் உட்காராமல் ஒரு பக்கம் விறைப்பாகவும் இன்னொரு பக்கம் சுருக்கமாகவும் நிற்கிறது. இரண்டு மாலை நேரம் செலவழித்த பை. எங்கே பிசகினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

#2 · பாபின்பெட்டி

லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தீர்களா? நனைக்காத பருத்தியை நீராவி இஸ்திரி போட்டால் அங்கேயே கொஞ்சம் சுருங்கும். பருத்தியில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருக்கம் சாதாரணம். 34 செ.மீ உயரத்தில் 3 சதவீதம் என்றாலே 1 செ.மீ போய்விடும்.

#3 · கத்தரிமுனை

துணி சுருங்கியிருந்தால் வாய் மட்டும் எப்படி அச்சாகப் பொருந்தும்? எனக்கு அடிமூலை மேல்தான் சந்தேகம். நூல்கண்டு, ஒரு வேலை செய்யுங்கள். திறப்பு வழியாக லைனிங்கை வெளியே இழுத்து, மூலையில் குறுக்கே போட்ட தையலின் நீளத்தை அளந்து பாருங்கள். வெளிப்பைக்கும் அதே மாதிரி அளந்து, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அப்புறம், லைனிங்குக்கு அந்தச் சதுரத்தை எப்போது வெட்டினீர்கள், எங்கிருந்து அளந்து வெட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

#4 · நூல்கண்டு

பாபின்பெட்டி, துணியை நனைத்துத்தான் வெட்டினேன்.

கத்தரிமுனை அக்கா, அளந்தேன். வெளிப்பையில் 10. லைனிங்கில் 12! நான்கு மூலையையும் இரண்டு முறை அளந்துவிட்டேன்.

வெளிப்பைக்குப் பேட்டர்ன் தாளை வைத்து வெட்டினேன், அதில் மூலைச் சதுரம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. லைனிங்குக்குத் தாளை வைக்காமல் ஸ்கேலால் 36க்கு 34 என்று நேராக வெட்டிவிட்டேன். பக்கங்களையும் அடியையும் தைத்த பிறகு, மூலையில் தையல் கோட்டிலிருந்து 5 செ.மீ அளந்து சதுரம் வரைந்து வெட்டினேன். அதற்கப்புறம் மூலையை விரித்து 1 செ.மீ உள்ளே தள்ளித் தைத்தேன். ஐந்து என்றால் ஐந்துதானே?

#5 · கத்தரிமுனை

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஐந்து என்பது எங்கிருந்து ஐந்து என்று பார்க்க வேண்டும்.

பேட்டர்ன் தாளில் இருக்கிற 5 துணியின் ஓரத்திலிருந்து எடுத்தது. பக்கத் தையலும் அடித் தையலும் போட்டதும் அதில் 1 செ.மீ தையலுக்குள் போய்விடுகிறது. ஆக, தையல் கோட்டிலிருந்து பார்த்தால் சதுரம் 4 தான். பிறகு மூலையை விரித்து வெட்டு ஓரத்திலிருந்து 1 செ.மீ உள்ளே தைக்கிறீர்கள். 4 உம் 1 உம் 5. முன்துண்டில் 5, பின்துண்டில் 5, மொத்தம் 10. பேட்டர்ன் சொன்ன கணக்கு.

லைனிங்கில் தையல் கோட்டிலிருந்தே 5 எடுத்து வெட்டிவிட்டீர்கள். அதற்கும் உள்ளே 1 செ.மீ தள்ளித் தைத்ததால் 6. இரண்டு பக்கமும் சேர்ந்து 12.

அடி அகலமானால் மற்ற அளவெல்லாம் குறையும். வெளிப்பையின் முகப்பு 36இல் தையலுக்கு 2 போய் 34, அதில் அடிக்கு 10 போய் 24. லைனிங்கில் 34இல் 12 போய் 22. உயரமும் அப்படித்தான். மேலும் கீழும் தையலுக்குப் போக 32. வெளிப்பையில் 5 கழித்து 27, லைனிங்கில் 6 கழித்து 26. அந்த 1 செ.மீதான் உங்கள் வாய் ஓரத்தை இழுக்கிறது. மூலையில் ஒரு பக்கம் விறைப்பு, இன்னொரு பக்கம் சுருக்கம் என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் இதனால்தான்.

வாயைச் சதுரம் தொடவே இல்லை. அதனால்தான் வாய் மட்டும் பொருந்தியது.

#6 · நூல்கண்டு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு தாளில் வரைந்தும் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே வருகிறது. மிக்க நன்றி அக்கா. சரி, இப்போது லைனிங்கைப் பிரித்து மறுபடி 10க்குத் தைக்க முடியுமா?

#7 · கத்தரிமுனை

முடியாது. 10 வேண்டுமானால் வெட்டு ஓரத்தின் மேலேயே தைக்க வேண்டும், பிடிக்கத் துணி இருக்காது. ஓரத்திலிருந்து அரை செ.மீ விட்டுத் தைத்தால் 11 வரைக்கும் வரலாம். அதுவும் பருத்தியில் பிசிறு போய்விடும். நான் செய்ய மாட்டேன்.

#8 · மடிப்புவார்

புது லைனிங் வெட்டுவதுதான் ஒழுங்கு. வாயைப் பிரித்து, லைனிங்கை எடுத்துவிட்டு, இந்த முறை தாளை வைத்து வெட்டுங்கள்.

#9 · தையல்மேசை

வாயைப் பிரிக்க வேண்டாம்! லைனிங்கை வெளிப்பைக்குத் தகுந்த மாதிரி மாற்ற முடியாது, ஆனால் வெளிப்பையை லைனிங்குக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமே.

வெளிப்பையின் மூலைத் தையல் இப்போது ஓரத்திலிருந்து 1 செ.மீ உள்ளே இருக்கிறது. அதற்கும் 1 செ.மீ உள்ளே இன்னொரு தையல் போடுங்கள். தையல் கோட்டிலிருந்து 4, அதோடு 2, ஆக 6. அடி 12 ஆகிவிடும். முகப்பு 22, உயரம் 26, லைனிங்கின் அதே அளவு. பழைய தையலைப் பிரிக்கவே தேவையில்லை, அது தையல் இடத்துக்குள் மறைந்துவிடும். லைனிங் திறப்பு வழியாக மூலைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தைத்தால் போதும்.

பை முன்பைவிட 2 செ.மீ ஒடுக்கமாகவும் 1 செ.மீ குட்டையாகவும் வரும். அடி அகலமாகும். புத்தகம் வைக்கிற பை என்றால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், வேறு சாமான் என்றால் அகலமான அடி நல்லதுதான்.

#10 · மடிப்புவார்

இது எனக்குத் தோன்றவில்லை. அருமையான யோசனை. ஆனால் கேன்வாஸில் மூலைத் தையல் கனமாக இருக்கும். பக்கத் தையலும் அடித் தையலும் ஒரே இடத்தில் சந்திக்கிறதால் அங்கே நாலு முதல் ஆறு அடுக்குத் துணி இருக்கும், ஃபியூசிங் (விறைப்புக்காக இஸ்திரி போட்டு ஒட்டுகிற துணி) ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல்கண்டு, ஊசி என்ன எண்?

#11 · நூல்கண்டு

மெஷினோடு வந்த ஊசிதான். மேலே 80/12 என்று இருக்கிறது. மூலையில் தைக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது, இரண்டு இடத்தில் தையல் விட்டும் போயிருக்கிறது.

#12 · மடிப்புவார்

கேன்வாஸுக்கு 90/14 போடுங்கள். ஜீன்ஸ் துணி, தடித்த ஃபியூசிங் எல்லாம் சேர்ந்தால் 100/16. முதல் எண் ஊசித் தண்டின் கனம், 90 என்றால் 0.9 மி.மீ. மெல்லிய ஊசி கனமான துணியில் வளைந்து கொடுக்கும், அப்போதுதான் தையல் விட்டுப்போகிறது, ஊசித் தட்டில் இடித்து முறிவதும் அதனால்தான். ஜீன்ஸ் ஊசி என்று தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் முனை நெருக்கமான நெசவுக்குள் சுலபமாக இறங்கும்.

தையல் நீளத்தை 3 மி.மீ வையுங்கள். வெளியே தெரிகிற மேல்தையலுக்கு 3.5. பைக்கு நான் பாலியெஸ்டர் நூல்தான் போடுவேன். பருத்தி நூல் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் தாங்காது.

அப்புறம், தைப்பதற்கு முன் மூலையில் பக்கத் தையலின் ஓரத்தை ஒரு பக்கமும் அடித் தையலின் ஓரத்தை எதிர்ப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். கனம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

#13 · ஜிப்ரன்னர்

தையல்கள் சந்திக்கிற மேட்டில் ஏறும்போது மெஷின் திணறுகிறது என்றால் நான் செய்வது இது. மேடு வருவதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்குகிறேன். அதே துணியில் ஒரு துண்டை மூன்று நான்காக மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் செருகிவிட்டு ஃபுட்டை இறக்கினால், அது அண்ணாந்து நிற்காமல் மட்டமாக உட்காரும். அதற்குப் பிறகு மோட்டார் வேண்டாம், சக்கரத்தைக் கையாலேயே சுற்றி ஐந்தாறு தையல் போட்டுவிடுவேன். ஊசி ஒவ்வொரு அடுக்காக இறங்குவது கையிலேயே தெரியும். மேட்டைத் தாண்டி இறங்கும்போது அதே துண்டை ஃபுட்டின் முன்பக்கத்துக்கு அடியில் வைக்க வேண்டும்.

துணி ரொம்பக் கனம் என்றால், மூலையை ஒரு பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டுங்கள். நெசவு நசுங்கி மட்டமாகும்.

#14 · பாபின்பெட்டி

மூலைச் சதுரம் பற்றி ஒரு வார்த்தை. நான் சதுரத்தை முதலிலேயே வெட்டுவதில்லை. தைத்த பிறகு மூலையை முக்கோணமாக மடித்து, குறுக்கே 10 செ.மீ கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தைத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு வெட்டுவேன். எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்ற குழப்பமே வராது. கோட்டின் நீளம்தான் அடியின் அகலம்.

#15 · கத்தரிமுனை

லைனிங்குக்கு அது நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். வெளிப்பைக்கு எனக்குப் பிடிக்காது. முக்கோணம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் மடியவில்லை என்றால் கோடு சாய்ந்துவிடும், பை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதலிலேயே தாளை வைத்து வெட்டினால் இரண்டு மூலையும் ஒரே மாதிரி இருக்கும். கனமான ஃபோம் ஒட்டிய துணியை முக்கோணமாக மடிப்பதும் கஷ்டம்.

#16 · பாபின்பெட்டி

மடிக்கும்போது பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்கிறதா என்று குண்டூசி குத்திப் பார்த்தால் சாயாது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு பை அப்படியே வந்திருக்கிறது. அவரவர் கைக்கு எது வருகிறதோ அதைச் செய்யட்டும்.

#17 · முதல்தையல்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், எனக்கும் ஒரு சந்தேகம். ஒரு சின்னப் பை பேட்டர்ன் இருக்கிறது, அதைப் பெரிதாக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும்போது 150 சதவீதம் என்று கொடுத்தால் போதுமா?

#18 · தையல்மேசை

அப்படிக் கொடுத்தால் தையல் இடமும் சேர்ந்து பெரிதாகும். 1 செ.மீ இருந்தது 1.5 ஆகிவிடும். நீங்கள் பழக்கத்தில் 1 செ.மீ விட்டே தைத்தால், எல்லாத் துண்டும் கொஞ்சம் பெரிதாக வந்து ஒன்றோடொன்று பொருந்தாது, வளைவுகளில் அது நன்றாகத் தெரியும். ஜிப் நீளம், கொக்கி, வாரின் அகலம் இதெல்லாம் தாளோடு சேர்ந்து பெரிதாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் தாளில் தையல் கோட்டை வரைந்து, அதற்கு வெளியே இருப்பதை வெட்டி எடுத்துவிடுங்கள். தையல் இடம் இல்லாத அந்தத் துண்டைப் பெரிதாக்கி, பிறகு சுற்றிலும் புதிதாக 1 செ.மீ சேருங்கள். வேலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் துல்லியமாக வரும்.

#19 · ஜிப்ரன்னர்

பிரிண்ட் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டர்னைப் பெரிதாக்காமல் அப்படியே எடுப்பதாக இருந்தால் 100 சதவீதம் என்று தேர்ந்தெடுங்கள். ‘பக்கத்துக்கு ஏற்றபடி பொருத்து’ என்பதை அப்படியே வைத்துவிட்டால் பிரிண்டர் தானாகவே சுருக்கிவிடும். நிறைய பேட்டர்ன்கள் அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் அளவில் செய்யப்பட்டவை, அதன் அகலம் 216 மி.மீ. நம்முடைய ஏ4 தாள் 210. பொருத்திப் பிரிண்ட் எடுத்தால் ஏறக்குறைய 97 சதவீதம்தான் வரும், 36 செ.மீ இருக்க வேண்டியது 35 ஆகிவிடும். பேட்டர்னின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து பார்க்காமல் கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள்.

தையல் இடம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். சிலர் கால் அங்குலம் விடுவார்கள், அது 6 மி.மீக்குச் சற்று மேலே. சிலர் 1 செ.மீ. உடை பேட்டர்ன்களில் 1.5 செ.மீ உண்டு. சிலர் தையல் இடமே சேர்க்காமல் கொடுப்பார்கள், நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பேட்டர்னில் பழகியது இன்னொன்றுக்கு உதவாது.

#20 · முதல்தையல்

நல்லவேளை கேட்டேன். துணி எடுத்து விரித்து வைத்திருந்தேன். அதில் ஒரே திசையில் பறக்கிற பறவைகள் அச்சடித்திருக்கிறது, அதற்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#21 · கத்தரிமுனை

கவனிக்க வேண்டும். அடி மடிப்பாக இருக்கிற பேட்டர்னா, அல்லது முன்துண்டு பின்துண்டு தனித்தனியா? ஒரே நீளத் துண்டை அடியில் மடித்துத் தைக்கிற பை என்றால், ஒரு பக்கம் பறவை நேராக நிற்கும், மறுபக்கம் தலைகீழாகத் தொங்கும். அந்தத் துணிக்கு நீளத் துண்டை நடுவில் இரண்டாக வெட்டி, அடியில் ஒரு தையல் கொடுங்கள். அந்தத் தையலுக்காக இரண்டு துண்டிலும் 1 செ.மீ கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்.

#22 · நூல்கண்டு

தையல்மேசை சொன்ன மாதிரியே செய்துவிட்டேன்!

ஊசியை 90/14க்கு மாற்றினேன். லைனிங் திறப்பைப் பிரித்து வெளிப்பையின் மூலையை வெளியே இழுத்தேன். கேன்வாஸ் விறைப்பாக இருந்ததால் முதல் மூலை வரவே அடம்பிடித்தது. பழைய தையலிலிருந்து 1 செ.மீ உள்ளே சாக்பீஸால் கோடு போட்டு, தையல் ஓரங்களை எதிரெதிராகச் சாய்த்துக் கிளிப் போட்டேன். மேட்டில் ஜிப்ரன்னர் சொன்னபடி துண்டுத் துணியைச் செருகி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அந்த ‘டக் டக்’ சத்தம் இல்லவே இல்லை. ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை.

இப்போது வெளிப்பை அடி 12, லைனிங் அடி 12. புரட்டி உள்ளே கை விட்டால் விரல் நுனி மூலைவரை போகிறது, வாய் அசையவில்லை. ஒரே ஒரு குறை, லைனிங் உள்ளே கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிற மாதிரி தெரிகிறது. இதற்கு முன்னால் விறைப்பாக இருந்ததால் அப்படித் தோன்றுகிறதா?

#23 · தையல்மேசை

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. தொளதொளப்பு உண்மைதான், உங்கள் கண் பொய் சொல்லவில்லை. வெளித்துணிக்குக் கனம் இருக்கிறது, அதனால் அதே அளவில் தைத்த லைனிங்குக்கு உள்ளே இடம் கொஞ்சம் குறைவு, மிச்சத் துணி மடிந்து நிற்கும். அடுத்த பையில் லைனிங்கின் பக்கத் தையலை வாயில் 1 செ.மீ விட்டு ஆரம்பித்து, கீழே போகப் போக 1.3 செ.மீ ஆக்குங்கள். வாய் பொருந்த வேண்டும் என்பதால் மேலே மட்டும் மாற்றக் கூடாது. ஃபோம் வைத்த பை என்றால் 1.5 வரைக்கும்கூடப் போகலாம்.

இந்தப் பைக்கு வாய் ஓரத்தில் சுற்றிலும் ஒரு மேல்தையல் போடுங்கள், ஓரத்திலிருந்து 3 மி.மீ உள்ளே. லைனிங் மேலே ஏறி எட்டிப் பார்க்காது.

#24 · மடிப்புவார்

வாரை எப்படிப் பொருத்தினீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

#25 · நூல்கண்டு

10 செ.மீ அகலத் துண்டு. நடுவில் ஒரு மடிப்பு, இரண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இரண்டாக மடித்து 2.5 செ.மீ வாராகத் தைத்தேன். வாயைத் தைக்கும்போது வெளிப்பைக்கும் லைனிங்குக்கும் நடுவில் வாரின் நுனியை வைத்துச் சேர்த்துத் தைத்தேன். அவ்வளவுதான்.

#26 · மடிப்புவார்

வார் சரி. ஆனால் வாயில் இருக்கிற அந்த ஒற்றைத் தையல் மட்டும் பாரம் தாங்காது. மேல்தையல் போடும்போதே ஒவ்வொரு வாரின் கீழும், பை ஓரத்திலிருந்து 3 செ.மீ கீழே வரை ஒரு சதுரம் தைத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போடுங்கள். வாரின் நுனி அந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்கிறதா?

#27 · நூல்கண்டு

இல்லை, 1 செ.மீதான் உள்ளே இருக்கிறது.

#28 · மடிப்புவார்

அப்படியென்றால் பெருக்கல் குறி பிடிக்க வார் இருக்காது. இந்தப் பைக்கு வாரின் மேலே மட்டும் முன்னும் பின்னுமாக மூன்று முறை ரிவர்ஸ் தையல் கொடுங்கள், கனமான சாமான் வைக்காதீர்கள். அடுத்த முறை வாரை 4 செ.மீ கூடுதலாக வெட்டி, இரண்டு நுனியையும் நன்றாக உள்ளே இறக்கிவிடுங்கள். வெளித்துணியின் பின்பக்கத்தில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சதுர ஃபியூசிங் ஒட்டினால் துணி கிழியாது.

#29 · ஜிப்ரன்னர்

அடுத்து என்ன தைக்கப் போகிறீர்கள்?

#30 · நூல்கண்டு

ஜிப் வைத்த சின்னப் பர்ஸ். ஜிப்பின் இரண்டு முனையும் மூலையில் குழி விழுந்து அசிங்கமாக வருமோ என்று பயமாக இருக்கிறது.

#31 · ஜிப்ரன்னர்

குழி விழுவதற்குக் காரணம், ஜிப் பக்கத் தையலுக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்வது. ஜிப்பைப் பர்ஸின் அகலத்தைவிடச் சிறிதாக எடுத்து, இரண்டு முனையிலும் துணித்துண்டு சேர்த்துவிடுங்கள். பக்கத் தையல் அந்தத் துணியில் மட்டும் விழும், ஜிப் பல்லை ஊசி தொடாது. நைலான் ஜிப்பாக இருந்தால் வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், அதன் மேல் தைக்கவும் முடியும். உலோகப் பல் என்றால் ஊசி முறிந்துவிடும்.

பக்கங்களைத் தைப்பதற்கு முன் ஜிப்பைப் பாதி திறந்து வைக்க மறக்காதீர்கள். மூடி வைத்துத் தைத்துவிட்டால் பர்ஸைப் புரட்ட வழி இருக்காது. ரன்னரை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் நான் கிளிப்பே எடுப்பேன்.

பக்கத் தையல் போடும்போது ஜிப் பல் லைனிங் பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். புரட்டியதும் மூலை கூர்மையாக வெளியே வரும்.

#32 · நூல்கண்டு

குறித்துக்கொண்டேன். இந்த முறை லைனிங்குக்கும் தாளை வைத்துத்தான் வெட்டுவேன். ஜிப் தைத்து முடித்ததும் அளவுகளோடு இங்கேயே எழுதுகிறேன்.